அலைக்கற்றையை ஏலம் விடலாமா, எழுதிக் கொடுக்கலாமா, பொதுவில் விடலாமா?

போன வருடம் மலைமேல் உள்ள ஓர் ஊரின் ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். கடை திறந்ததும் விற்பனையாளர் அரிசி மூட்டையைத் தொடவில்லை. கைரேகை மெஷினை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, நூறு அடி தள்ளியிருந்த பாறைமேல் ஏறினார். பின்னாலேயே பதினைந்து பேர், பெரும்பாலும் பெண்கள், ஸ்மார்ட் கார்டைக் கையில் பிடித்தபடி ஏறினார்கள். சிக்னல் ஒரு கோடாவது வருவது அந்தப் பாறையில்தான். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியை இரண்டு பேர் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார்கள். விரலை வைத்தார். திரையில் வட்டம் சுற்றிச் சுற்றி நின்றுபோனது. "இன்னொரு வாட்டி வை ஆயா" என்றார் விற்பனையாளர். மூன்றாவது வாட்டிதான் பில் வந்தது. அப்புறம் எல்லோரும் இறங்கி வந்து அரிசி வாங்கிக்கொண்டு போனார்கள். மாதாமாதம் இதுதான் நடக்கிறதாம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. நம் நாட்டில் செல்பேசி அலைக்கற்றையை, அதாவது சிக்னல் பயணிக்கும் ரேடியோ அலைகளை, வட்டம் வட்டமாக விற்கிறார்கள். தாலுகா இல்லை, இது ஏறக்குறைய மாநில அளவிலான சேவைப் பகுதி. நாடு முழுவதும் 22 வட்டங்கள். சென்னையையும் சேர்த்துத் தமிழ்நாடு ஒரு வட்டம். வட்டத்தை வாங்கியவருக்கு அண்ணா சாலையும் சொந்தம், அந்தப் பாறையும் சொந்தம். அப்படியென்றால் அந்தப் பாறைக்கு மேலே இருக்கும் அலைக்கும் ஒருவர் காசு கட்டியிருக்கிறார். அரசாங்கம் அதை வாங்கிக் கஜானாவில் போட்டுவிட்டது. டவர் மட்டும் வரவில்லை. வேறு யாராவது வந்து அங்கே அந்த அலையைப் பயன்படுத்தலாமா என்றால் அதற்கும் நடைமுறையில் வழியில்லை.

அலைக்கற்றை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே, கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் சொல்லிவிட்டது. பொதுச்சொத்தை யாரிடம் எப்படிக் கொடுப்பது என்பதுதான் அன்றிலிருந்து நடக்கும் சண்டை. பொதுச்சொத்தை வைத்துக்கொள்ளும் வழிகள் நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை. கண்மாய் மீனையும் சாலையோரப் புளியமரத்தையும் ஏலம் விடுகிறோம். வாய்க்கால் தண்ணீரை முறை வைத்து விடுகிறோம். மேய்ச்சல் புறம்போக்கை யார் வேண்டுமானாலும் மேய்க்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். அலைக்கற்றைக்கும் ஏறக்குறைய இதே வழிகள்தான். எந்த அலைக்கு எது பொருந்தும் என்று பார்க்கலாம்.

அரசாங்கமே எழுதிக் கொடுப்பதில் தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் நாம் அதிகம் சூடுபட்டிருக்கிறோம். இந்த முறையில் அரசு ஒரு விலை வைக்கும், தகுதி வைக்கும், மனுக்களை வாங்கித் தானே முடிவு செய்யும். விலை குறைவாக இருப்பதால் புதிய நிறுவனங்கள் நுழையலாம், மிச்சப் பணத்தில் டவர் போடலாம் என்பதுதான் இதற்கான நியாயம். அது வெறும் சாக்கு என்று நான் நினைக்கவில்லை. 1994-ல் நான்கு பெருநகரங்களுக்கு நிறுவனங்களின் தகுதியை எடைபோட்டு, நகரத்துக்கு இரண்டு பேர் என்ற கணக்கில்தான் உரிமம் கொடுத்தார்கள். செல்பேசி இந்தியாவுக்கு வந்தது அந்த வழியாகத்தான்.

2008 ஜனவரி 10-ஆம் தேதி இதே முறையில் 2ஜி உரிமங்களைத் தொலைத்தொடர்புத் துறை எப்படிக் கொடுத்தது என்று பாருங்கள். அதற்கு முந்தைய அக்டோபர் 1 வரை மனு போடலாம் என்று அறிவித்திருந்தார்கள். 46 நிறுவனங்கள் 575 மனுக்கள் போட்டிருந்தன. அப்புறம், செப்டம்பர் 25 வரை வந்த மனுக்களை மட்டுமே எடுப்போம் என்று தேதியைப் பின்னுக்கு இழுத்தார்கள். ஜனவரி 10 அன்று மதியத்துக்கு மேல் ஓர் அறிவிப்பு வந்தது: மூன்றரை மணிக்கு டெல்லியில் துறையின் தலைமையகமான சஞ்சார் பவனுக்கு வந்து கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள். 'முதலில் வருபவருக்கு முதலில்' என்றால் முதலில் மனுப் போட்டவர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அன்று மாலை அதன் பொருள் முதலில் பணம் கட்டியவர் என்று மாறிப்போனது. நாடு முழுவதற்குமான உரிமத்துக்கு விலை 1,658 கோடி ரூபாய், அதாவது 2001-ல் ஏலத்தில் வந்த விலை. ஏழு வருடங்களில் செல்பேசி வைத்திருப்பவர்களின் எண்ணிக்கை எங்கேயோ போயிருந்தது. விலை மட்டும் அங்கேயே நின்றது. அவ்வளவு பெரிய தொகைக்கு ஒரு மணி நேரத்தில் டிடி எடுக்க முடியாது. கையில் டிடியோடு காத்திருந்தவர்கள் வரிசையில் முன்னால் போனார்கள்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2010-ல் தணிக்கை அதிகாரியின் அறிக்கை, 2012 பிப்ரவரி 2-ல் 122 உரிமங்களையும் ரத்து செய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2017 டிசம்பரில் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்த சிறப்பு நீதிமன்றத் தீர்ப்பு. தமிழ்நாட்டில் இந்த விஷயம் கட்சிச் சண்டையாகவே பேசப்பட்டது. 1,76,000 கோடி என்ற எண் டீக்கடை வரை வந்தது. அது உத்தேச இழப்புகளில் மிக உயர்ந்தது என்பதும், அதே அறிக்கையில் அதைவிடக் குறைவான கணக்குகளும் இருந்தன என்பதும் வரவில்லை. யார் குற்றவாளி என்ற கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தாலும் முறையின் பலவீனம் தெரிகிறது. விலையையும் வரிசையையும் ஓர் அலுவலகம் முடிவு செய்தால், யார் எதைக் கேட்டார்கள், ஏன் இவருக்குக் கிடைத்தது என்பதற்கு வெளியே இருப்பவர்கள் பார்க்கும்படியான பதில் இருக்காது. நேர்மையான அதிகாரி செய்தாலும் அதுதான் நிலைமை.

அதனால் ஏலத்துக்குப் போனோம். ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்: 2012 செப்டம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதில் சொன்னபோது, எல்லா இயற்கை வளங்களையும் ஏலத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று அரசியல் சாசனம் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றமே தெளிவுபடுத்தியது. இருந்தாலும் பயந்துபோன அரசாங்கத்துக்கு ஏலமே பாதுகாப்பாகத் தெரிந்தது.

ஏலத்தின் நல்ல பக்கம் பெரியது. 2010-ல் 3ஜி ஏலம் 34 நாட்கள், 183 சுற்றுகள் நடந்தது. ஒவ்வொரு சுற்றிலும் விலை எங்கே நிற்கிறது என்று நாடே பார்த்தது. பட்ஜெட்டில் எதிர்பார்த்தது 35,000 கோடி. அகன்ற அலைவரிசை (பிராட்பேண்ட்) ஏலத்தையும் சேர்த்து வந்தது 1,06,000 கோடிக்கு மேல். யாரும் யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டியிருக்கவில்லை. இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2008 மாலையைப் பார்த்தவர்களுக்கு 2010 ஏலம் ஒரு விடுதலை.

கோளாறு அடிவிலையில், அதாவது ஏலம் தொடங்கும் குறைந்தபட்ச விலையில் ஆரம்பித்தது. ஒரு தடவை அவ்வளவு பணம் வந்ததும், அடுத்த தடவையும் அவ்வளவு வரும் என்று அரசாங்கம் கணக்குப் போட்டது. 2012 நவம்பர் ஏலத்தில் டெல்லி, மும்பை, கர்நாடகம், ராஜஸ்தான் வட்டங்களின் 1800 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் அலையை வைத்த அடிவிலைக்குக் கேட்க ஆளே வரவில்லை. மொத்தமாகவே 9,407 கோடிதான் தேறியது.

மலையூர்களின் தலையெழுத்தைத் தீர்மானித்தது 700 மெகாஹெர்ட்ஸ் கதை. அதிர்வெண் குறைவான அலை வெகுதூரம் போகும், சுவரைத் தாண்டி வீட்டுக்குள் வரும், மேடு பள்ளத்தில் வளைந்து ஓரளவு சமாளிக்கும். இப்போது 5ஜிக்கு நகரங்களில் ஓடும் 3.3 கிகாஹெர்ட்ஸ் (3300 மெகாஹெர்ட்ஸ்) அலையில் டேட்டா வேகமாக வரும், ஆனால் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஒரே பரப்புக்கு 700-ல் சில டவர்கள் போதும் என்றால், 3.3-க்குப் பல மடங்கு வேண்டும். வீடுகள் சிதறிக் கிடக்கும் மலைக்கு ஏற்றது 700 போன்ற தாழ்ந்த அலைதான். 2016 ஏலத்தில் அதற்கு வைத்த அடிவிலை, நாடு முழுவதற்கும் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி. ஒருவரும் கேட்கவில்லை. 2021-ல் 6,568 கோடியாகக் குறைத்தார்கள், அப்போதும் இல்லை. 2022-ல் 3,927 கோடிக்கு வந்தபோதுதான் ஜியோ மட்டும் 10 மெகாஹெர்ட்ஸ் வாங்கியது. அதே ஏலத்தில் வைத்த 600 மெகாஹெர்ட்ஸுக்குக் கேள்வியே இல்லை.

2016-லிருந்து 2022 வரை ஆறு வருடங்கள். நிலத்தடியில் இருக்கும் நிலக்கரியை இன்று எடுக்காவிட்டால் நாளைக்கு எடுக்கலாம். பயன்படுத்தாத அலை நாளைக்குச் சேர்ந்து வராது. கடைமடைக்குப் போகாமல் கடலில் கலந்த தண்ணீர் மாதிரி போனது போனதுதான். கணக்குப் புத்தகத்தில் இதை யாரும் நஷ்டம் என்று எழுதவில்லை. தணிக்கை அறிக்கையும் வரவில்லை. குறைந்த விலைக்குக் கொடுத்தால் மட்டும்தான் நமக்கு நஷ்டம் கண்ணில் படுகிறது.

ஏலத்தில் கட்டிய பணத்தை நம் ரீசார்ஜில்தான் பிடுங்குவார்கள் என்று பலர் சொல்வதுண்டு. அது அப்படியே சரி என்று சொல்ல முடியாது. கட்டிய பணம் கட்டியதுதான். நாளைக்கு என்ன கட்டணம் வைப்பது என்பதைப் பக்கத்துக் கடைக்காரர் என்ன வைக்கிறார் என்பதுதான் தீர்மானிக்கும். 2016-ல் ஜியோ வந்தபோது எல்லோரும் அலைக்கற்றைக்குக் கோடிக்கணக்கில் கட்டியிருந்தார்கள், ஆனாலும் டேட்டா விலை சரிந்தது. தனியாரில் மூன்று பேர் மட்டும் மிஞ்சிய பிறகு, 2024 ஜூலையில் மூன்று பேரும் சேர்ந்தாற்போல் ஏற்றினார்கள். கட்டணத்தை நிர்ணயிப்பது போட்டி. ஏல விலை வேறு இடத்தில் கடிக்கிறது. கடனில் மூழ்கிய நிறுவனம் புது டவர் போடாது, போட்டாலும் காசு திரும்பி வரும் இடத்தில்தான் போடும். வோடபோன் ஐடியாவின் ஏலப் பாக்கி 36,950 கோடியைப் பங்குகளாக மாற்றிக்கொண்டதில் 2025-ல் அரசாங்கமே அதில் 49 சதவீதத்துக்குச் சொந்தக்காரராகிவிட்டது. ஏலத்தில் வந்ததாகக் கொண்டாடிய பணம், காகிதத்தில் பங்காகத் திரும்பி வந்திருக்கிறது.

சரி, ஏலத்தைக் கைவிடாமலே பாறைக்கும் சிக்னல் கொண்டுவர இரண்டு வழிகள் இருக்கின்றன. பணத்தை வாங்கி அரசே டவர் போடுவது ஒன்று. ஏலம் எடுப்பவரே பணத்துக்குப் பதிலாக டவராகக் கட்டுவது இன்னொன்று.

முதல் வழி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம் கிராமச் சேவைக்கான நிதிக்குப் போகிறது. இப்போது அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. 2022 ஜூலையில் 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 26,316 கோடி ஒதுக்கி பிஎஸ்என்எல்லிடம் கொடுத்தார்கள். நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். எந்த நிறுவனமும் எட்டிப் பார்க்காத ஊருக்கு முதலில் போவது இன்றும் பிஎஸ்என்எல்தான். ஆனால் அதன் 4ஜி, உள்நாட்டுத் தொழில்நுட்பத்துக்காகக் காத்திருந்து, நாடு முழுவதற்குமாக முறைப்படி தொடங்கியதே 2025 செப்டம்பரில். தனியார் நிறுவனங்கள் அதற்கு மூன்று வருடங்கள் முன்பே 5ஜி தொடங்கிவிட்டிருந்தன. உள்நாட்டுக் கருவி வேண்டும் என்பது நியாயமான ஆசை. அதற்கான காத்திருப்பு முழுவதையும் வேறு சிக்னலே இல்லாத கிராமங்களின் தலையில் வைத்தது நியாயமில்லை.

இரண்டாவது வழியைப் பிரேசில் 2021 நவம்பரில் பெரிய அளவில் செய்து பார்த்தது. ஏலத்தின் மதிப்பில் பெரும்பகுதியைக் கஜானாவுக்கு எடுத்துக்கொள்ளாமல் வேலையாக எழுதி வாங்கினார்கள்: இத்தனை சிற்றூர்களுக்கு 4ஜி, இத்தனை நெடுஞ்சாலைகளுக்குச் சிக்னல், பள்ளிகளுக்கு இணையம். அதற்கு முன்பே 2010-ல் ஜெர்மனி 800 மெகாஹெர்ட்ஸ் ஏலத்தில் இன்னும் கறாரான நிபந்தனை வைத்தது. ஐயாயிரம் பேருக்கும் குறைவாக இருக்கும் ஊர்களில் முதலில் போடு, அப்புறம் அடுத்த அளவு ஊர், நகரம் கடைசியில். கடைமடைக்கு முதல் தண்ணீர் என்பதுதான் அது. நம் ஊரில் வாய்க்கால் தண்ணீரை முறை வைத்து விடும் நீர்க்கட்டிக்குச் சொன்னால் உடனே புரியும். தலைமடைக்காரருக்கு முதலில் விட்டால் கடைமடைக்கு எப்போதும் மிச்சம்தான்.

இந்த வழியிலும் ஓட்டை இருக்கிறது, மறைக்க வேண்டாம். பிரேசிலின் அதே ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸை எடுத்து, நெடுஞ்சாலைகளுக்கு 4ஜி போடுவதாக ஒப்புக்கொண்ட வினிட்டி என்ற நிறுவனம், சுமார் இரண்டே வருடங்களில் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. வேலையை ஒப்புக்கொள்பவரால் அதை முடிக்க முடியுமா என்று ஏலத்துக்கு முன்பே பார்க்க வேண்டும். இன்னொரு சிக்கல், வேலையை அளப்பது. பணம் வந்ததா இல்லையா என்று வங்கிக் கணக்கு சொல்லிவிடும். சிக்னல் வந்ததா என்று யார் சொல்வது? அதற்குக் கடைசியில் வருகிறேன். இத்தனையையும் வைத்துப் பார்த்த பிறகும், தாழ்ந்த அலைகளுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

பொதுவில் விடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அது ஏற்கெனவே ஜெயித்த வழி. 2.4 கிகாஹெர்ட்ஸை 2005-ல் உரிமம் தேவையில்லை என்று திறந்துவிட்டார்கள். நம் வீட்டு வைஃபை, புளூடூத் எல்லாம் அந்தப் புறம்போக்கில்தான் மேய்கின்றன. அலை வலு குறைவு, தூரம் குறைவு என்பதால் ஒருவர் மேய்ப்பது இன்னொருவரைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. 6 கிகாஹெர்ட்ஸில் அண்மையில் இதே சண்டைதான் நடந்தது. செல்பேசி நிறுவனங்கள் முழுவதையும் ஏலத்துக்குக் கேட்டன. வைஃபை கருவி செய்பவர்கள் முழுவதையும் திறந்துவிடச் சொன்னார்கள். அமெரிக்கா 2020-ல் 1,200 மெகாஹெர்ட்ஸையும் திறந்துவிட்டது. நாம் 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை திறந்துவிட 2025 மே மாதம் வரைவு விதி போட்டு, மேல்பகுதியைச் செல்பேசிக்கு என்று வைத்தோம். இந்தப் பிரிப்பு எனக்குச் சரியாகவே படுகிறது. இந்த அலை மலைக்கு நேரடியாக உதவாது, ஆனால் ஊருக்குள் ஒரு கண்ணாடி இழைக் கேபிள் வந்துவிட்டால் அதன் கடைசி ஐம்பது மீட்டரை வைஃபை இலவசமாகச் செய்துவிடும்.

செயற்கைக்கோள் இணையத்துக்கான அலைக்கும் ஏலம் வேண்டும் என்று ஜியோ போன்ற செல்பேசி நிறுவனங்கள் கேட்டன. நாங்கள் காசு கட்டியிருக்கிறோம், அவர்கள் மட்டும் சும்மா வரலாமா என்பது அவர்களின் ஆதங்கம். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஒரே அதிர்வெண்ணைப் பல செயற்கைக்கோள் நிறுவனங்கள் தங்களுக்குள் ஒத்துப்போய்ப் பயன்படுத்த முடியும். ஒருவருக்கே எழுதிவைத்தால்தான் ஓடும் என்ற நிலை இல்லாத ஒன்றை ஏலம் விட்டால், இல்லாத தட்டுப்பாட்டை நாமே உண்டாக்குகிறோம். 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டம் இதை ஏலம் இல்லாத பட்டியலில் வைத்துவிட்டது. 2025 மே மாதம் தொலைத்தொடர்பு ஒழுங்காற்று ஆணையமான டிராய் பரிந்துரைத்த கட்டணம் வருவாயில் 4 சதவீதம், பூமிக்கு அருகே சுற்றும் தாழ்சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள் சேவைகளுக்கு நகரத்துச் சந்தாதாரர் ஒருவருக்கு வருடத்துக்கு 500 ரூபாய் கூடுதல். கிராமத்துக்கு அந்தக் கூடுதல் கிடையாது. நகரத்திலும் கிராமத்திலும் ஒரே கணக்கு வைக்காமல் கட்டணத்திலேயே கிராமத்தின் பக்கம் சாய்ந்திருப்பது நல்ல யோசனை. 2008-ல் சூடுபட்ட அதே எழுதிக் கொடுக்கும் முறைதான் இதுவும், ஆனால் இங்கே வரிசை இல்லை, முந்தியவருக்கு மட்டும் என்பதும் இல்லை. அதனால் பயப்பட வேண்டியதில்லை. மலையூர்க்காரர் செயற்கைக்கோள் சிக்னலைப் பிடிக்கும் தட்டை (டிஷ்) வாங்கும் விலை எவ்வளவு இருக்கும் என்பது வேறு கவலை. என் கணிப்பு, ரேஷன் கடைக்கும் பள்ளிக்கும் அது உதவும். பாட்டியின் கைப்பேசிக்கு டவர்தான் வேண்டும்.

மெக்சிகோவின் ஓஹாக்கா மலைகளில் இன்னொரு வழியும் நடந்தது. பெரிய நிறுவனங்கள் போகாத பழங்குடி ஊர்கள், 2013 வாக்கில் தாங்களே சிறிய செல்பேசி நெட்வொர்க் அமைத்துக்கொண்டன. 2016-ல் அந்நாட்டு ஒழுங்காற்று ஆணையம் அந்தச் சமூகங்களின் அமைப்புக்கே முறையான அலைக்கற்றை உரிமம் கொடுத்தது. நம் 2023 சட்டத்தில், வாங்கிவிட்டுத் தகுந்த காரணமில்லாமல் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் அலைக்கற்றையைத் திரும்ப எடுக்க அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. வட்டம் முழுவதையும் எடுக்க வேண்டாம், அந்த மலையை மட்டும் எடுத்து அங்கே நடத்தத் தயாராக இருப்பவருக்குக் கொடுங்கள் என்று கேட்கலாம். சட்டத்தில் வாசல் இருக்கிறது, யாரும் தட்டவில்லை.

ஆக, நான் முடிவு செய்யும் இடத்தில் இருந்தால் நகரத்துக்கான உயர்ந்த அலைகளைச் சாதாரண ஏலத்தில் விடுவேன்; அங்கே போட்டி இருக்கிறது, பணம் வரட்டும். 600-ஐயும் மிச்சமிருக்கும் 700-ஐயும் வேலையாகக் கட்டும் ஏலத்தில் விடுவேன். அடிவிலையில் தள்ளுபடி, அதற்கு ஈடாகக் கிராமங்களின் பெயர்ப்பட்டியல். சதவீதக் கணக்கு வேண்டவே வேண்டாம். 'வட்டத்தில் இத்தனை சதவீதம்' என்று எழுதினால் விட்டுப்போகும் மிச்சச் சதவீதம் எப்போதும் அந்த மலையாகத்தான் இருக்கும்.

அளப்பதைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். டிராயின் 2024 விதிப்படி நிறுவனங்கள் தங்கள் சிக்னல் எட்டும் இடங்களை வரைபடமாக இணையத்தில் போட வேண்டும். ஊருக்கு வந்ததும் ஒரு நிறுவனத்தின் வரைபடத்தைத் திறந்து அந்த மலையைத் தேடினேன். மலை முழுவதும் வண்ணம் பூசியிருந்தது. பாறையும் வண்ணத்துக்குள், கடையும் வண்ணத்துக்குள். ஏல நிபந்தனையில் நான் ஒரு வரி சேர்ப்பேன்: பட்டியலில் உள்ள ஒவ்வோர் ஊரிலும் ரேஷன் கடைக்கு உள்ளே, கதவைச் சாத்திவிட்டு, கைரேகை மெஷினில் ஒரே வாட்டியில் பில் வர வேண்டும். வந்ததென்று ஊராட்சித் தலைவரும் கடைக்காரரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஏலம் எடுத்தவர் பிணையாகக் கொடுத்த வங்கி உத்தரவாதத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.